மேற்குப் பார்த்த மனையில் வெக்கை குறைந்த வீடு: எதற்கு முதலில் செலவிடுவது?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியின் புறநகரில் 30 அடிக்கு 50 அடி அளவுள்ள மனையில் தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்டத் திட்டமிட்டிருக்கிறோம். மனை மேற்குப் பார்த்தது. சாலையும் மேற்கில்தான் இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் இப்போதைக்குக் காலி மனைகள். நானும் மனைவியும் இரு பிள்ளைகளும், எழுபதைக் கடந்த என் பெற்றோரும் அதில் குடியிருப்போம்.

தற்போது வாடகைக்கு இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள வீடு. சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்து நெடுநேரமான பிறகும், இரவு பத்து, பதினோரு மணிக்குக்கூட, கூரையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏசி போட்ட அறையில் காற்று குளிர்ந்திருந்தாலும், கட்டிலில் மல்லாந்து படுத்தால் முகத்தில் வெக்கை தெரிகிறது. ஏசியை நிறுத்திய சிறிது நேரத்திலேயே அறை பழையபடி ஆகிவிடுகிறது. அப்பாவுக்கு ஏசிக் காற்று ஒத்துக்கொள்வதில்லை என்பதால், ஏசி இல்லாமலும் தூங்கக்கூடிய ஓர் அறையாவது புதிய வீட்டில் வேண்டும் என்று விரும்புகிறோம்.

காண்டிராக்டர் கொடுத்துள்ள வரைபடத்தில், முகப்பில் இரு தளங்களுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடிச் சுவர் வருகிறது. சுவருக்கு ஃபிளை ஆஷ் செங்கல் போட்டால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்றும், கூரைக்குக் கூல் பெயின்ட் அடித்தால் போதும் என்றும், மூன்று படுக்கையறைகளுக்கும் ஏசி பாயின்ட் கொடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார். எஞ்சும் பணத்தில் மாடியில் சோலார் போடலாம் என்பது அவருடைய யோசனை. எல்லாவற்றையும் செய்ய எங்களிடம் பணம் இல்லை. கூரை, சுவர், ஜன்னல், சோலார் ஆகியவற்றில் எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நிழற்கூரை

வணக்கம் நண்பரே. மதுரைப் பக்கம் வீடுகளுக்கு வடிவமைப்புச் செய்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை வேண்டுமென்றால், கூரை. ஏசிக்கும் சோலாருக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து முதலில் கூரையில் போடுங்கள். அவற்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், கூரையைப் பிறகு பிரிக்க முடியாது.

மல்லாந்து படுத்தால் முகத்தில் வெக்கை தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வாடகை வீட்டின் நோய் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் உடல் உணரும் வெப்பம் காற்றின் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. சுற்றியுள்ள சுவர், கூரை ஆகியவற்றின் பரப்பு வெப்பமும் கதிர்வீச்சாக நம்மை வந்தடைகிறது. காற்றோட்டம் குறைவான அறையில் இவ்விரண்டின் சராசரியைத்தான் ஏறத்தாழ உடல் உணர்கிறது. காற்று 27 பாகையாகவும் (டிகிரி செல்சியஸ்) கூரையின் அடிப்பரப்பு 38 பாகையாகவும் இருக்கும் அறையில், ஏசியின் திரையில் தெரியும் எண்ணை நம்பிப் பயனில்லை.

இரவில் ஏன் சுடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஆறு அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துச் சேமித்து, சில மணி நேரம் கழித்தே அடிப்பக்கம் விடுகிறது. நண்பகலுக்குப் பிறகு மேற்பரப்பில் உச்சத்தைத் தொடும் வெப்பம், நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் அறைக்குள் வந்து சேர்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூரையின் வழியே எவ்வளவு எளிதாக வெப்பம் கடக்கிறது என்பதை யு-மதிப்பு என்கிற எண்ணால் குறிக்கிறார்கள். எண் குறையக் குறைய நல்லது. வெறும் ஆறு அங்குலத் தளத்துக்கு அது ஏறத்தாழ 3.2 வாட். அதாவது மேலும் கீழும் ஒரு பாகை வேறுபாடு இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 3.2 வாட் வெப்பம் இறங்கும். கோடை நண்பகலில் வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெளிப்பரப்பின் வெப்பம் 60 பாகையை எட்டுவது இயல்பு. உள்ளே 32 பாகை என்று வைத்துக்கொண்டால், 120 சதுர அடி அறைக்கு, அதாவது சுமார் 11 சதுர மீட்டருக்கு, கூரை வழியாக மட்டும் ஒரு கிலோவாட் அளவுக்கு வெப்பம் இறங்குகிறது. தளம் வெப்பத்தைத் தாமதப்படுத்துவதை இதில் சேர்க்காததால் இது தோராயக் கணக்குதான். ஆயினும் ஒரு டன் ஏசியின் மொத்தத் திறனே 3.5 கிலோவாட் என்பதை நினைவில் வையுங்கள்.

அதே தளத்தின்மேல் நம் ஊர் வழக்கப்படி நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மேலே தட்டையான ஓடு பதித்தால், யு-மதிப்பு 2.3 அளவுக்கு இறங்குகிறது. பழைய ஆட்கள் சும்மா செய்யவில்லை. ஆனாலும் இன்றைய தேவைக்கு இது போதாது. தளத்துக்கும் ஜல்லிக்கும் இடையில் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) வைத்தால் 0.9-க்கும், இரண்டு அங்குலப் பலகை வைத்தால் 0.55-க்கும் வந்துவிடும். அப்போது மேற்சொன்ன ஒரு கிலோவாட், 170 வாட்டாகச் சுருங்குகிறது. ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட நெறிமுறை, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த நெறிமுறை 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்கானது. உங்கள் மனை 140 சதுர மீட்டர்கூட இல்லாததால் சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அந்த எண்ணை உங்கள் காண்டிராக்டரிடம் நீங்களே கட்டுப்பாடாக வைக்கலாம்.

கூல் பெயின்டை நான் குறை சொல்லவில்லை. வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, செலவும் குறைவு. தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஆனால் நம் ஊர்த் தூசியில் வெண்மை மங்க மங்க அதன் பயனும் மங்கிவிடும். கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். எனவே பலகையும் ஜல்லியும் போட்டு, மேலே வெள்ளை ஓடு பதித்துவிடுவதே என் பரிந்துரை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கும் கூல் பெயின்ட் நல்ல தீர்வு. புது வீட்டுக்கு அது மட்டும் போதும் என்பது சோம்பேறித்தனமான ஆலோசனை.

ஓய்வுபெற்ற பொறியாளன்

நிழற்கூரை சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வரைபடத்தில் கூரைக்கு நிகரான இன்னொரு தவறு இருக்கிறது. மேற்குப் பார்த்த முகப்பில் இரண்டு தள உயரத்துக்குக் கண்ணாடி வைப்பது, மாலை வெயிலைப் பத்திரிகை வைத்து அழைப்பது போன்றது. அதை முதலில் அடித்துவிடுங்கள்.

திசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வாஸ்துவுக்காகத் திசை பார்ப்பவர்கள் வெயிலுக்காகப் பார்ப்பதில்லை. திருச்சி ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட நான்கு மாதங்கள் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் மாதம் வடக்குச் சுவரில் வெயில் படுவதைப் பார்த்துப் பலர் வியப்படைவது இதனால்தான். ஆனால் அது மிக உயரத்திலிருந்து வரும் வெயில். நான்கு அடி உயர ஜன்னலை மறைக்க ஓர் அடி சன்ஷேடே போதும். தெற்கில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் 56 பாகை உயரத்தில் நிற்கிறது. இரண்டடி சன்ஷேடு அங்கே ஏறத்தாழ மூன்றடிக்கு நிழல் தரும். ஆக, வடக்கையும் தெற்கையும் சமாளிப்பது எளிது.

மேற்கு அப்படியன்று. ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணிக்கு, மேற்கு ஜன்னலின் மேலுள்ள அதே இரண்டடி சன்ஷேடு ஒன்றரை அடிக்குள்தான் நிழல் தருகிறது. ஐந்து மணிக்கு அது முக்கால் அடி. சூரியன் தாழத் தாழ, கிடைமட்டமாக நீட்டிய எதுவும் அங்கே பயன்படாது. செங்குத்தான தடுப்பு, ஜாலிச் சுவர் (துளைகள் விட்டுக் கட்டிய சுவர்), கொடி படர்ந்த கம்பி வலை, மரம் இவற்றில் ஏதேனும் ஒன்றுதான் உதவும். கிழக்கிலும் இதே நிலைதான் என்றாலும், காலையில் வீடு இரவு முழுவதும் ஆறியிருப்பதால் அந்த வெயில் அவ்வளவு தொல்லை தருவதில்லை.

எனவே அறைகளின் இடத்தையே மாற்றிப் பாருங்கள். படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர், துணி அலமாரி ஆகியவற்றை மேற்கில் வரிசையாக வைத்தால், அவையே படுக்கையறைகளுக்கு வெயில் தடுப்பாக நிற்கும். குளியலறைக்கு அந்த வெயில் நன்மையும் செய்யும்; ஈரம் காய்ந்துவிடும். கார் நிறுத்தும் இடத்தையும் அதன்மேல் ஆழமான பால்கனியையும் முகப்பில் வைத்து, பால்கனியின் மேற்கு விளிம்பில் ஜாலி கட்டினால், முகப்பும் அழகாக இருக்கும். படுக்கையறைகள் கிழக்கிலும், ஜன்னல்கள் வடக்கு, தெற்குச் சுவர்களிலும் அமையட்டும். அப்பாவின் அறை தரைத்தளத்தில் வருவது நல்லது. மேலே ஒரு தளம் இருக்கும்போது கூரை வெப்பம் அங்கே எட்டாது. முதியவர்கள் படியேறவும் வேண்டாம்.

வாய்ப்புக் கிடைத்தால் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் 1930-களில் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம் அது. நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியிருக்கின்றன. அப்பக்கங்கள் முழுவதும் திருப்பிக்கொள்ளக்கூடிய கிடைமட்டத் தகடுகள். கான்கிரீட் தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, இடையில் காற்று ஓட வழி விட்ட இரட்டைக் கூரை. கான்கிரீட் என்றாலே வெக்கை என்பது சரியன்று, வெயிலை அதன்மேல் விழவிடுவதுதான் கோளாறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் இல்லை.

ஒன்பதங்குலம்

சுவரைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ஃபிளை ஆஷ் செங்கல் குளிர்ச்சியானது என்பது விற்பனைப் பேச்சு. அனல் மின்நிலையச் சாம்பலைப் பயன்படுத்துகிறது, வயல் மண்ணைத் தோண்டிச் சூளையில் சுட வேண்டியதில்லை என்ற வகையில் அது நல்ல பொருள்தான், அதற்காகவே வாங்கலாம். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அதற்கும் சூளைச் செங்கல்லுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு, இருபுறப் பூச்சையும் சேர்த்து, யு-மதிப்பு 2-ஐ ஒட்டி வரும். எட்டு அங்குல ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் கொண்ட எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவருக்கு அது 0.8 அளவில் நிற்கிறது.

அப்படியானால் எல்லாச் சுவரையும் ஏஏசியில் கட்டிவிடலாமா என்றால், நான் தயங்குவேன். அந்த பிளாக் எடை குறைந்தது, வேலையும் வேகமாக நடக்கும்; ஆனால் அதைச் செங்கல்போல நினைத்துக் கையாளும் கொத்தனாரிடம் கொடுத்தால் சுவரெங்கும் மயிரிழை போன்ற விரிசல் கண்டுவிடும். அதற்குரிய மெல்லிய ஒட்டுக் கலவையைப் பயன்படுத்த வேண்டும். தூணும் சுவரும், பீமும் சுவரும் சேருமிடங்களில் வலை அடித்துத்தான் பூச வேண்டும். ஈரத்தோடு வந்திறங்கிய பிளாக்கை உடனே கட்டக் கூடாது. உங்கள் மேஸ்திரி ஏற்கெனவே கட்டிய ஏஏசி வீடு ஒன்றை, குடியேறி இரண்டு கோடையாவது கழிந்த வீடாகப் பார்த்துக் கேட்டறிந்த பின் முடிவு செய்யுங்கள்.

என் யோசனை, மேற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் மட்டும் ஏஏசியில் கட்டுவது, அல்லது ‘ரேட் டிராப்’ (எலிப்பொறி) முறையில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய இந்த முறையில், அதே ஒன்பது அங்குலத் தடிமனுக்குச் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகிறது, உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், இதைத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கம் குறைவு; தெரியாதவர் நடுவிலுள்ள வெற்றிடத்தைக் கலவையால் நிரப்பிவிட்டு ‘பலமாக இருக்கட்டும் சார்’ என்பார்.

வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு நிழல் இருக்கும் என்பதால் சாதாரணச் செங்கல்லே போதும். அங்கே அதிகச் செலவு செய்வது வீண்.

காற்றுவாக்கு

மேலே மூவரும் வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வந்த வெப்பத்தோடும் புழுக்கத்தோடும் வாழ்வது எப்படி என்பதும் வடிவமைப்பின் பகுதிதான்.

நம் கட்டட நெறிமுறைகள் நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் வருகிறது. ராஜஸ்தானில் பகல் முழுவதும் வீட்டை அடைத்து வைத்து, இரவுக் குளிரில் திறந்துவிட்டால் சுவர்கள் ஆறிவிடும். திருச்சியில் மே மாத இரவிலும் வெப்பநிலை அவ்வளவு இறங்குவதில்லை. இரவுக் காற்று சுவரைக் கொஞ்சம் ஆற்றும். அதை மட்டும் நம்பித் தடித்த சுவர் கட்டுவதில் பொருளில்லை. இங்கே உடலுக்கு உண்மையான துணை, மேலே படும் காற்றுதான். வியர்வை உலர வழி கிடைத்தால் 30 பாகையும் தாங்கக்கூடியதாகிவிடுகிறது. நல்ல மின்விசிறிக் காற்று, வெப்பநிலையை இரண்டு, மூன்று பாகை குறைத்ததற்கு நிகரான உணர்வைத் தருகிறது.

இதை வெறும் அனுபவப் பேச்சாக எண்ண வேண்டாம். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் பணியாளர்களைக் கேட்டறிந்து, இந்தியருக்கான தகவமைப்பு வசதி அளவுகோலை 2014-இல் வகுத்தார்கள். தேசியக் கட்டட நெறிமுறை 2016-இலும் அது இடம்பெற்றது. அதன்படி, ஜன்னல் திறந்த கட்டடத்தில் வசதியான வெப்பநிலையைக் கணக்கிட, அண்மை நாட்களின் வெளிச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும். வெளிச் சராசரி 32 பாகை என்றால் விடை 30 பாகை. அதிலிருந்து இரண்டரைப் பாகை கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். அலுவலகம் செல்லும் வயதினரிடம் எடுத்த கணக்கு என்பதால், உங்கள் பெற்றோருக்கு மேல் எல்லையை அப்படியே பொருத்திவிடாதீர்கள். வெயிலைத் தாங்கும் திறன் வயதோடு குறையும். தாகமும் அவர்களுக்குத் தாமதமாகவே தெரியும்.

எனவே ஒவ்வொரு படுக்கையறைக்கும் இரு சுவர்களில் திறப்பு இருக்குமாறு பாருங்கள். ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், வெளியேற வழியில்லாமல் காற்று உள்ளே வராது. பக்கத்து மனையில் நாளை வீடு எழும்பும் என்பதை இன்றே கணக்கில் கொள்ளுங்கள். அப்போதும் காற்று வர வேண்டுமானால், படிக்கட்டுக் கூடத்தின் உச்சியில் திறந்து மூடக்கூடிய வென்டிலேட்டர்களை வைத்து, அறைக் கதவுகளின் மேலும் திறப்பு விட்டு, படிக்கட்டையே காற்றுப் போக்கியாக ஆக்கிவிடலாம். கொசுவலைச் சட்டமும் திருடனுக்குப் பயப்படாத கம்பியும் இல்லாத ஜன்னலை யாரும் இரவில் திறந்து வைக்க மாட்டார்கள். காகிதத்தில் காற்றோட்டம் காட்டிய எத்தனையோ வீடுகள் இந்தச் சிறு செலவைச் செய்யாததால் இரவெல்லாம் அடைத்துக் கிடக்கின்றன.

மின்சாரக் கணக்குக்கு வருகிறேன். பழைய வகை மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறி (மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்டது) 28 வாட்டிலேயே ஓடும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால், இருமாதக் கட்டணச் சுழற்சியில் ஒரு விசிறிக்கு 45 யூனிட் மிச்சம். ஏசி சராசரியாக 0.8 கிலோவாட் இழுத்து எட்டு மணி நேரம் ஓடினால் அதே காலத்தில் 384 யூனிட். இரண்டு ஏசி ஓடினாலே 500 யூனிட்டைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் மின்வாரியத்தின் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏசியில் ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் செயலகமே சொல்கிறது. கூரை குளிர்ந்திருந்தால் 27-இல் வைத்து விசிறியையும் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கலாம். கூரை சுட்டால் 22-இல் வைத்தாலும் தூக்கம் வராது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை என்பதையும் நினைவில் கொண்டு, ஏசி அறையில் சிறு எக்ஸாஸ்ட் விசிறியோ, சற்றே திறந்த வென்டிலேட்டரோ வைக்க வேண்டும்.

காவிரிக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்ணாடி முகப்பை எடுத்துவிடுமாறு சொல்லிவிட்டோம். படிக்கட்டும் குளியலறைகளும் மேற்குக்கு மாறுகின்றன. அப்பாவின் அறை தரைத்தளத்தில் கிழக்கு மூலையில் வருகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பலகையை வைத்தால் நாளடைவில் அதற்கடியில் தண்ணீர் தங்கித் தளம் ஒழுகும் என்று காண்டிராக்டர் அஞ்சுகிறார். எந்த வரிசையில் போட வேண்டும்? சோலாரையும் பிறகு அதே தளத்தில் வைக்க முடியுமா? இரண்டாவது, வீட்டின் நடுவில் ஐந்தடிச் சதுரத்தில் முற்றம்போல் விட்டு, மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு மூட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. இதனால் வீடு குளிருமா?

ஓய்வுபெற்ற பொறியாளன்

முற்றத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டின் முற்றம் வேலை செய்வதற்குக் காரணம், அது வானத்துக்குத் திறந்திருக்கிறது; சூடான காற்று மேலே போய்விடுகிறது; சுற்றிலும் ஆழமான தாழ்வாரம் இருப்பதால் அறைச் சுவரில் வெயில் படுவதில்லை. ஐந்தடிச் சதுரத்தை ஒளி புகும் தகட்டால் அடைத்துவிட்டால், வெயில் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது. வெளிச்சம்தான் வேண்டுமென்றால், அந்த இடத்தின் மேல் தளத்தை மூன்றடி உயர்த்தி, வடக்கிலும் தெற்கிலும் திறக்கக்கூடிய ஜன்னல் வைத்து, மேலே கான்கிரீட்டே போட்டு மூடிவிடுங்கள். வெளிச்சமும் வரும், காற்றும் போகும். வீட்டில் யாருக்கும் மனக்குறை இருக்காது.

நிழற்கூரை

காண்டிராக்டரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வரிசை மாறினால் அவர் சொன்னபடியே ஆகும்.

தளம் போட்டு, நீராற்றி முடிந்ததும், வடிகுழாய்களை நோக்கிச் சரிவு எடுத்துவிட வேண்டும். அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. அதைக் கைப்பிடிச் சுவரிலும் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றிப் பூச வேண்டும், ஏனெனில் ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். பூச்சு காய்ந்த பிறகு, குழாய் வாய்களை அடைத்துக்கொண்டு இரண்டு, மூன்று நாட்கள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். அடியில் ஈரம் தெரியவில்லை என்று நீங்களே நேரில் பார்த்து உறுதி செய்யும்வரை பலகையைத் தளத்தில் ஏற்றவே விடாதீர்கள். அதன்பின் எக்ஸ்.பி.எஸ். பலகைகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, மேலே பிரிப்புத் துணி விரித்து, ஜல்லிக் கலவையும் வெள்ளை ஓடும் போடலாம். விலை குறைவு என்று சாதாரணத் தெர்மோகோலை வாங்கிவிடக் கூடாது. அது நீரை உறிஞ்சும், மேலே நடந்தால் அமுங்கும். எக்ஸ்.பி.எஸ். இரண்டையும் தாங்கும். ஓட்டின்மேல் விழும் நீரும், கசிந்து பலகைக்கு அடியில் இறங்கும் நீரும் ஒரே குழாயில் வெளியேறுமாறு, குழாயின் வாய் நீர்த்தடுப்புப் பூச்சின் மட்டத்தில் அமைய வேண்டும். அதை ஓட்டு மட்டத்தில் வைப்பதுதான் நம் பிளம்பர்கள் வழக்கமாகச் செய்யும் கோளாறு. காண்டிராக்டர் அஞ்சும் நீர்த்தேக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

சோலாரைப் பொறுத்தவரை, இப்போது வாங்காவிட்டாலும் அதன் கால்களுக்கான கான்கிரீட் கட்டைகளைத் தளம் போடும்போதே வார்த்துவிடுங்கள். பிறகு வந்து ஓட்டைத் துளைத்து போல்ட் அடித்தால், இவ்வளவு பாடும் வீண். மூன்று கிலோவாட் அமைப்புக்குச் சுமார் 300 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நாளொன்றுக்கு 12 யூனிட் அளவுக்கு உற்பத்தி கிடைக்கும். 2024-இல் தொடங்கிய ‘பிரதமரின் சூர்யா கர்’ திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தகடுகளை ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் நிறுத்தினால் அடியில் காற்று ஓடும். சூடேறினால் உற்பத்தி குறையும் தன்மை கொண்ட தகடுகளுக்கு அது நல்லது, தளத்துக்கும் நிழல் கிடைக்கிறது. அந்த நிழல் மாடியில் படுக்கையறைகளின்மேல் விழுமாறு கட்டைகளின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் தகடுகளில் விழாதிருக்கிறதா என்பதை டிசம்பர் மாதச் சூரியனை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதால், தொட்டியை வடக்கு ஓரத்தில் வைத்துவிட்டால் சிக்கல் இல்லை.

பலகை விலையைக் கேட்கும்போது அடர்த்தியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலைப்புள்ளி வந்ததும் இங்கே பதிவிட்டால் பார்த்துச் சொல்கிறேன்.